ஆச்சியின் மூக்குத்தி

வணக்கம். பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணிச் சீராக்குவது பற்றி, கண்ணால் பார்க்க வேண்டிய விஷயத்தைக் காதுக்குச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் வீட்டில் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் ஆச்சிக்கு மொத்தமே ஒரு படம்தான். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் தாத்தா பக்கத்தில் விறைப்பாக நின்று எடுத்தது, உள்ளங்கை அகலம் இருக்கும், கெட்டி அட்டையில் ஒட்டியிருக்கும். அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டலாமே என்று ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பளபளவென்று வந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்று கேட்டாள். ஆச்சிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கன்னத்திலும் தழும்பு உண்டு. அது வழித்துத் துடைத்த மாதிரி காணோம். வலது மூக்கில் இருந்த மூக்குத்தியும் காணோம், தூசி என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெருக்கித் தள்ளிவிட்டது போல.

அன்றைக்குத்தான் இந்தப் புள்ளி சமாசாரம் என்னவென்று உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஸ்கேன் பண்ணிய படம் மணல் தூவினாற்போல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அந்த மணல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முதலில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரியோ, பட்டு நெசவு மாதிரியோ மேடு பள்ளம் தெரிகிறதா? எழுபது எண்பதுகளில் பிரிண்ட் போட்ட கலர் படங்கள் நிறைய அப்படித்தான், விரல் ரேகை தெரியாது என்று அந்தத் தாளை விரும்பிப் போட்டார்கள். ஸ்கேனரின் விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கமிருந்து அடிக்கும். சாயங்கால வெயிலில் களத்தில் கிடக்கும் ஒவ்வொரு நெல்லுக்கும் நிழல் விழுமே, அந்த மாதிரி ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குட்டி நிழல் விழுகிறது. நாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று அலுத்துக்கொள்வது அந்த நிழலைத்தான்.

இதற்கு ஒரு எளிய வேலை இருக்கிறது. ஒரு முறை ஸ்கேன் எடுங்கள், அப்புறம் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தி, முதல் படத்தின் மேல் சரியாகப் பொருத்தி, மேல் படத்தை ஐம்பது சதவீதம் ஊடுருவித் தெரியும்படி ஆக்கினால், ஒன்றில் இடப்பக்கம் விழுந்த நிழல் மற்றதில் வலப்பக்கம் விழுந்திருப்பதால் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், முகம் மட்டும் நிற்கும். கிம்ப் என்று இலவசமாகவே ஒரு மென்பொருள் கிடைக்கிறது, அதிலேயே செய்யலாம். பொருத்துகிற இடத்தில் மட்டும் பொறுமை வேண்டும், ஒரு மயிரிழை தள்ளினாலும் கண் இரண்டு ஜோடியாகிவிடும். என் அம்மாவின் கல்யாணப் படத்துக்கு இதைச் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கறுப்பான இடங்களில் மட்டும் குருணை குருணையாகத் தெரிந்தால் அது ஸ்கேனரின் இரைச்சலாக இருக்கலாம், அதாவது படத்தில் இல்லாத புள்ளிகளை ஸ்கேனர் தானாகவே சேர்ப்பது. படத்தை அசைக்காமல் நான்கு முறை எடுத்துச் சராசரி பார்த்தால் இரைச்சல் பாதியாகும். ஆனால் படத்திலேயே இருக்கிற குருணை நானூறு முறை எடுத்தாலும் போகாது, ஏனென்றால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெள்ளி, நிஜமான வெள்ளித் துகள். அதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. அதைத் தேய்த்தால் புடவைக் கரையும் நெற்றிச் சுருக்கமும் அதோடு சேர்ந்து தேயும்.

சில வீடுகளில் குற்றவாளி வாட்ஸ்அப். அத்தை பையன் அனுப்பிய படத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது ஜேபெக் சுருக்கம், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக நறுக்கித்தான் சுருக்குகிறது. சரி பண்ண மெனக்கெடாமல், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்குங்கள்.

அப்புறம் இந்த ஏஐ. 2021-இல் வந்த ஜிஎஃப்பிகேன் என்ற முகம் சீராக்கும் மென்பொருள், ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய எழுபதாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியது. மங்கலான முகத்தைக் கொடுத்தால், அது பார்த்த முகங்களை வைத்து இங்கே கண் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிடும். அந்த எழுபதாயிரத்தில் எங்கள் ஆச்சி இல்லையே! பின்னணிச் சுவரைச் சுத்தம் பண்ண வேண்டுமானால் ஏஐயை விடுங்கள், முகத்தில் கை வைக்க விடாதீர்கள்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் இருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள்.

ஆச்சி படத்தை நானே மறுபடி எடுத்தேன். சின்னப் படம் என்பதால் 1200 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி, கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் எடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு: கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக இருக்கும். மஞ்சள் கறை நீல வண்ண அடுக்கில்தான் கறுத்துத் தெரியும், சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் பாதிக்கு மேல் கறை அதில் இருக்காது. குருணையைத் தொடவில்லை. சுவரளவுக்குப் பெரிதாக்காமல் போஸ்ட் கார்டு அளவோடு நிறுத்திக்கொண்டேன். மூக்குத்தி பத்துப் பதினைந்து பிக்சலில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது அதைத்தான்.