பூட்டுப் போடாத மையம்

எல்லோருக்கும் வணக்கம். கலெக்டருக்குக் கொடுக்கும் ஒரு மனுவுக்குக் கையெழுத்துக் கேட்க வந்திருக்கிறேன். என் மகனுக்கு மூளை முடக்குவாதம். நாலு வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியபோது 12 கிலோ இருந்தான். இப்போது 11 வயது, 30 கிலோ. இன்னும் இடுப்பில்தான்.

அப்போது எங்கள் வட்டார வள மையத்துக்கு, அதாவது பள்ளிக் கல்வித் துறை ஒன்றியத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் மையத்துக்கு, பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள் வருவார். அப்புறம் பக்கத்து ஒன்றியத்தையும் அவரே பார்க்கவேண்டும் என்றார்கள், ஒரு நாளானது. இப்போது முகாம் நடந்தால்தான் வருகிறார். மையம் திறந்துதான் கிடக்கிறது. பாய் இருக்கிறது, பெரிய பந்து காற்றிறங்கி மூலையில் கிடக்கிறது. பூட்டுப் போட்டிருந்தால் மறியல் செய்திருப்போம். நாள் குறைந்ததற்கு எங்கே போய் மறியல் செய்வது?

அவர் வரவில்லை என்பதற்காகக் கெண்டைக்கால் தசை இறுகாமல் இருக்குமா? காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முழங்காலை அழுத்திப் பிடித்து, பாதத்தை மேலே மடக்கி முப்பது எண்ணவேண்டும். கத்துவான். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. செய்யாவிட்டால் காலிப்பருக்குள், அதாவது காலைத் தாங்க மாட்டும் பட்டைக்குள், குதிகால் இறங்காது. இதை முடித்துவிட்டு எட்டு மணி ஷிப்டுக்குப் போக முடியுமா? தையல் வேலையை விட்டேன். அரசாங்கம் மிச்சம்பிடித்தது என் சம்பளத்தை.

மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, மறைக்கமாட்டேன். தனியாரிடம் ஒரு தடவை தெரபிக்கு 500 கேட்கிறார்கள். கணக்கு உங்களுக்கே தெரியும்.

தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022இல் ஒன்றிய அரசே அறிவித்தது. எங்கள் பக்கம் ஒரே டீச்சர், தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாக ஸ்கூட்டியில் சுற்றுகிறார். பாவம், பெட்ரோலும் அவர் காசு. இந்த டீச்சர், தெரபிஸ்ட் எல்லோருக்கும் சம்பளம் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதற்கு ஒன்றிய அரசும் பணம் தரவேண்டும். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடியை டெல்லி நிறுத்திவைத்தது. டிவியில் ராத்திரி ராத்திரி சண்டை போட்டார்கள். நான் பார்த்தவரையில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, மனு விஷயத்துக்கு வருகிறேன். கலெக்டரிடம் ஒன்றுதான் கேட்டிருக்கிறோம். தெரபி எந்தெந்தக் கிழமை என்று மையத்துச் சுவரில் எழுதிப் போடுங்கள். நடக்காத நாளைச் சிவப்பில் எழுதுங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பா கொண்டுவந்திருக்கிறேன், பிள்ளைகளும் வைக்கலாம். அவனுக்குக் காலிப்பர் கழற்றும் நேரமாகிவிட்டது. வருகிறேன்.