கிறுதியும் கழுத்தும்

வணக்கம் நேயர்களே. சமநிலை தடுமாறுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். ஊரில் கிறுதி என்பார்கள், கொழும்பில் தலைச்சுற்று.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நடந்து வந்த விதத்திலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. தலையில் நிறைகுடம் இருப்பது போல நடந்தார். பக்கத்திலிருந்து கூப்பிட்டால் முகம் மட்டும் திரும்பாது, முழு ஆளும் திரும்புவார். தோள்கள் காதைத் தொடப் பார்த்தன. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றது.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, கட்டிலில் புரண்டபோது அறையே சுழன்றிருக்கிறது. உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறினால் வரும் சுற்று அது. காது மூக்கு தொண்டை வைத்தியர் தலையைச் சில கோணங்களில் சாய்த்துத் திருப்பி, துகள்களை உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டார். சுழற்சி நின்றது. ஆனால் வள்ளத்தில் நிற்கிற மாதிரி ஓர் ஆட்டம் மட்டும் போகவில்லை. புடவைக்கடையில் பையன் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட, காலடியில் தரை நழுவியதாம். எந்தப் பரிசோதனையிலும் குறையில்லை.

"தம்பி, எனக்கு விசர் எண்டு வீட்டில நினைக்கினம்" என்றார்.

விசரும் இல்லை, நடிப்பும் இல்லை. உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும்தான் தலையின் அசைவை மூளைக்கு அறிவிக்கின்றன. அந்தச் செய்தி இறங்கும் இடத்துக்கும், பயத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கும் நரம்பு வழிகள் உண்டு. போக்கும் வரவும் உள்ள வழிகள். சுற்று வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். எதிர்த்திசையிலும் இதுதான் நடக்கிறது: வீட்டுக் கடன், மகனின் விசா என்று மனம் இறுகிக் கிடக்கும் நாளில், வழக்கமாகக் கண்டுகொள்ளாத சின்ன ஆட்டத்தையும் மூளை பெரிதாக எடுத்துக்கொள்கிறது.

மூச்சையும் பாருங்கள். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகும். ஆள் அதையும் காதின் கணக்கில் எழுதி, இன்னும் பயப்படுவார்.

இப்படி மூன்று மாதமோ அதற்கு மேலோ பெரும்பாலான நாள்களில் நீடிக்கும் தள்ளாட்டத்தைக் கண்டறிய, 2017இல் பாரனி சங்கம் அளவுகோல்களை வெளியிட்டது. சமநிலைக் கருவி பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரால் அமைந்த சங்கம். பரிசுச் செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி. சரி, அது வேறு கதை. மெனியர் நோய் என்கிற உட்காது நோய், தலைச்சுற்றோடு வரும் ஒற்றைத் தலைவலி, இவற்றிலும் மன அழுத்தமும் தூக்கக் குறைவும் பலருக்குச் சுற்றைக் கிளப்பிவிடும்.

என்னைக் கேட்டால், "மனப்பிரமை, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவதுதான் மிகப் பெரிய கெடுதல். சொன்னவுடன் கவலையை விட்டுவிட யாரால் முடியும்? கழுத்தை அசைக்கலாம். அசைக்காத தலையிலிருந்து மூளைக்குப் புதிதாகப் பழக ஒன்றுமே கிடைக்காது. மாதக்கணக்கில் தலைச்சுற்றுக் குளிசை போடுவதும் அந்தப் பழக்கத்தைத் தாமதமாக்கும். அதற்காக வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு முதல் நாள் கொடுத்தது இவ்வளவுதான்: பெருவிரலைக் கண்ணெதிரே நீட்டி, அதில் பார்வையை வைத்தபடி, தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புவது. கொஞ்சம் சுற்றும், சுற்றட்டும். நடுவில் மூச்சை நீளமாக வெளியே விடுவது. அப்புறம் மரைன் டிரைவில் அலைகளைப் பார்த்தபடி நடை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மனநல வைத்தியரிடமும் போனார். முதலில் மாட்டேன் என்றவர்தான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். திடீர்ச் சுற்றோடு பேச்சுக் குழறினால், முகம் கோணினால், ஒரு பக்கம் பலமிழந்தால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், பயிற்சிக்கு நேரமில்லை. உடனே 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது மாதம் அந்த அம்மா 100ஆம் இலக்கப் பஸ்ஸில் புறக்கோட்டைக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறார், நின்றுகொண்டே. "கம்பியைப் பிடிச்சீங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"பிடிக்காமல்? அந்த டிரைவரின்ர ஓட்டத்துக்குக் காது நல்லா இருக்கிற ஆளே விழும்."