குசினிச் சாவி

(திருகோணமலை உப்புவெளியில் ஒரு சனசமூக நிலையத்தின் வாணி விழாவில் பேசியது. எழுதும்போது ஓரிரு இடங்களில் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

வாணி விழாவில் பேசக் கூப்பிட்டால் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் இந்த மாரி காலத்தில், ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும் வரை, என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் பல நாள் சாப்பிடாமல் படுக்கிறார்கள் என்பதைப் பற்றி. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டில் அறை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் அந்த அறைகளில் இருக்கும் பிள்ளைகள். இரண்டு பக்கமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது இதைச் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

நானும் அப்படி வந்தவள்தான். 2003 ஒக்டோபரில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்டியில் பஸ் மாறி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஒரு முழுப் பகல். கந்தளாயில் அப்பா ஒரு சட்டித் தயிர் வாங்கினார், போடிங் வீட்டுக்காரருக்குக் கொடுக்க. வெறுங்கையோடு போய்ப் பிள்ளையை விட்டுவிட்டு வரக்கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம். அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். எங்கள் கம்பஸ் அப்போது புதிது. 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 2001 இல்தான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் ஆனது. எங்கள் குடும்பத்தில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். மலையில் குளிர் மழை பார்த்துப் பழகியவளுக்குத் திருகோணமலை மழை வேறு மாதிரி இருந்தது. இங்கே வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். வாடைக் காற்றோடு சேர்ந்து வந்தால் குடை பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

என் அக்காவின் மகள் கனடாவில் படிக்கிறாள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான காலத்தை அவர்கள் ஃபோல் செமஸ்டர் என்கிறார்கள். இலை கொட்டும் பருவம். புதுப் பிள்ளைகள் செப்டம்பரில் வந்து சேர்வார்கள். ஒக்டோபரில் இடைத்தவணைச் சோதனை, நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு, டிசம்பரில் இறுதிச் சோதனை. அவள் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே பல பல்கலைக்கழக விடுதிகளில் முதலாம் வருடப் பிள்ளை சாப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்தே ஆகவேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்த பிள்ளை தானாகச் சமைத்துச் சாப்பிடும் என்று அவர்கள் நம்பவில்லை. சரியான முடிவு. அப்படியிருந்தும் அங்குள்ள பல வளாகங்களில் மாணவர்களுக்கென்று உணவு வங்கி நடக்கிறது. வசதியான நாட்டிலும் படிக்கும் பிள்ளைக்குப் பசி இருக்கிறது.

இங்கே நமக்கு எந்த மாதத்தில் செமஸ்டர் தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2020 இன் கொரோனா, 2022 இன் பொருளாதார நெருக்கடி எல்லாம் சேர்ந்து நாட்டின் பல்கலைக்கழக நாட்காட்டிகளையே இடம்மாற்றிவிட்டன. ஆனால் மழை தன் நாட்காட்டியை மாற்றவில்லை. எந்த செமஸ்டர் ஆனாலும் இந்த மூன்று மாதத்தில் வந்து விழுந்தால் அதுதான் பிள்ளைக்குக் கஷ்டமான செமஸ்டர்.

ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு எழும்பினால் குளியலறைக்கு முன்னால் மூன்று பேர். எட்டு மணி விரிவுரைக்குப் போகவேண்டும், அட்டென்டன்ஸ் 80 வீதம் இல்லாவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள். காலைச் சாப்பாடு அங்கேயே போய்விட்டது. முதல் நாள் துவைத்த உடுப்பு காய்ந்திருக்காது. மாரியில் ஜீன்ஸ் காய்வதற்கு மூன்று நாள் வேண்டும். அறைக்குள் கொடி கட்டி, ஃபேனைக் கதிரை மேல் ஏற்றி வைத்து, இடுப்புப் பட்டியை மட்டும் ஃபேன் பக்கம் திருப்பிவிட்டால் காலையில் முக்கால்வாசி காய்ந்திருக்கும். மிச்ச ஈரம் உடம்புச் சூட்டில் காயட்டும் என்று போட்டுக்கொண்டு போவோம். அந்த ஈர உடுப்பின் புளித்த மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சப்பாத்துக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பத்தரைக்குக் கன்ரீனில் ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சலை இரண்டு பேர் பகிர்வது. பின்னேரம் பிராக்டிகல் முடிந்து நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இருட்டிவிடும். டவுனில் பஸ் ஏறுகிற பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், மழை நாளில் நம் ஊர் மான்கள் கடைத் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கி நிற்கும். ஒரு மானுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை, இரண்டும் நனைந்துபோய், இரண்டும் வீதியைப் பார்த்துக்கொண்டு. அறைக்கு வந்து சேர்ந்தால் மழைக்குக் கடைகளும் நேரத்தோடு பூட்டியிருக்கும். அப்புறம் என்ன, கிறீம் கிறேக்கர் பிஸ்கட்தான். இல்லையென்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்த நூடில்ஸ்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கம்பஸ் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மஹாபொல உதவித்தொகை மாதத்துக்கு 5000 ரூபாயாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ஆனது. நல்ல விஷயம். அந்த வருடத்துக் கணக்கில் ஒரு பார்சல் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7500 ரூபாய்க்கு 25 பார்சல். மாதத்தில் 30 நாள். ஒரு நாளைக்கு ஒரு வேளைகூட முழுதாக வராது, அதிலேயே பஸ், போட்டோகொப்பி, டேட்டா கார்ட் எல்லாம் போகவேண்டும். புதிதாக வந்த பிள்ளைக்கு விண்ணப்பம், தெரிவு எல்லாம் முடிந்து அந்தக் காசு கைக்கு வரவும் நாள் எடுக்கும். அதுவரை தோட்டத்துச் சம்பளத்திலிருந்தோ மீன்பிடிக் காசிலிருந்தோ வீட்டிலிருந்து வரவேண்டும். வாடைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மீன்பிடிக் குடும்பங்களில் காசு புழங்காது என்பது இந்த ஊரில் நான் சொல்லியா தெரியவேண்டும்?

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் போடிங் வீட்டு அன்ரி நல்ல மனுஷி. ஆனால் இரவு எட்டு மணிக்குக் குசினியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். முன்பு இருந்த பிள்ளைகள் ஒருமுறை காஸைத் திறந்தபடி விட்டுப் போயிருக்கிறார்கள், அந்தப் பயம். நியாயமான பயம்தான். என் அறையில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது, 2009 இல்தான் திறந்தார்கள். ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்கவேண்டும், பின்னேர வகுப்பு முடித்துத் தினமும் போய்வர முடியாது. அதனால் கிழமை நாட்களில் போடிங், வெள்ளிக்கிழமை வீடு.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு ஒக்டோபர் கடைசியில் ரமழான் நோன்பு தொடங்கியது. அவள் அன்ரியிடம் போய், ‘ஸஹருக்கு நாலு மணிக்கு எழும்பிச் சமைக்கலாமா?’ என்று கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்ரி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ‘காஸை ரெண்டு தரம் பார்த்து மூடு மகள்’ என்றார். நோன்பு பிடிக்கிற பிள்ளை பசியோடு இருக்கக்கூடாது என்பதில் அவருக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

அந்த ஒரு மாதம் நான் சாப்பிட்டது போல அதற்கு முன்னும் பின்னும் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு அவள் எழுப்புவாள். வெளியே மழை. குசினியில் ஒரே ஒரு மின்குமிழ். சோறு, பருப்பு, ஒரு முட்டையைப் பொரித்து இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி. அவள் நோன்புக்குச் சாப்பிட்டாள், நான் பசிக்குச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் தூக்கம் வராது, அந்தக் குசினி மேசையிலேயே புத்தகத்தை விரிப்போம். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் எனக்கு விளங்காததை எல்லாம் அந்த விடியற்காலையில்தான் விளங்கிக்கொண்டேன். பின்னேரம் நோன்பு திறக்கும்போது அன்ரியே கஞ்சி காய்ச்சத் தொடங்கிவிட்டார். அவள் கற்றுக்கொடுத்தாள், அவர் கைப்பக்குவத்தில் இஞ்சி கொஞ்சம் கூடிப்போகும்.

நவம்பர் கடைசியில் பெருநாள் வந்தது. சாவி திரும்பத் தலையணைக்கு அடியில் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, நோன்பு முடிந்தது, அவ்வளவுதான். எனக்கும் கேட்க வாய் வரவில்லை. நோன்பு பிடிக்கிறவளுக்குக் கேட்க ஒரு காரணம் இருந்தது, வெறும் பசிக்காரிக்கு என்ன காரணம் இருக்கிறது என்று நினைத்தேன். டிசம்பரில் ஒரு சோதனை. முதல் நாள் இரவு சீனியர் அக்கா ஒருவர் குப்பி வைத்தார். வெளியில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதைக் குப்பி என்போம். நம் கம்பஸ்களில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது. காசு வாங்காமல், இரவிரவாக, அடுத்தவர் பாஸ் பண்ணவேண்டும் என்று தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. குப்பி முடிய இரண்டு மணி. குசினி பூட்டு. முதல் நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. காலையில் சோதனை மண்டபத்தில் இரண்டாவது கேள்வி எழுதிக்கொண்டிருந்தபோது எழுத்துகள் கலங்கின. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். மேற்பார்வைக்கு வந்திருந்த சேர் ஒருவர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து சீனி போட்ட தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார். அந்தப் பாடத்தை அடுத்த வருடம் ரிப்பீட் எழுதினேன்.

விஷயம் தெரிந்த அன்று இரவே அன்ரி குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை அதில் தொங்கவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்த நாலு வருடமும் அது அந்த ஆணியில்தான் தொங்கியது.

இப்போது என் வீட்டிலும் இரண்டு அறைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இரண்டு பேரும் இங்கேதான் இருந்தார்கள். ஒருத்தியின் வீடு பதுளைப் பக்கம், இன்னொருத்தியின் வீடு வெருகலில். மலையில் மண்சரிவு, இங்கே மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம். மலையில் பெய்த மழை ஆற்றோடு இறங்கி வெருகலுக்கு வரும் என்பதைப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்த இரவு இரண்டு பிள்ளைகளும் ஒரே மெழுகுதிரிக்கு முன்னால் குசினியில் உட்கார்ந்து, ஒரே மழைக்கு இரண்டு வீட்டையும் நினைத்து அழுதார்கள். போன் போகவில்லை. சாப்பிடுங்கள் என்றால் அசையவில்லை. நான் சும்மா மாவைக் குழைத்து ரொட்டி தட்டத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் வெருகல் பிள்ளை எழும்பித் தேங்காய் துருவினாள், மற்றவள் வெங்காயம் அரிந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். குசினி பூட்டியிருந்தால் அவர்கள் தனித்தனி அறையில், இருட்டில் கிடந்திருப்பார்கள்.

வீட்டுக்காரர்கள் கரண்ட் பில்லைச் சொல்வீர்கள். 700 வொட் ரைஸ் குக்கர் அரை மணித்தியாலம் வேலை செய்தால் 0.35 யூனிட். முப்பது நாளைக்குப் பத்தரை யூனிட். அதற்கான காசைப் பிள்ளைகளிடமே வாங்குங்கள், தருவார்கள். காஸ் பயம் என்றால் இரவில் சிலிண்டரை மூடிவிட்டு, குக்கரை மட்டும் அவர்களுக்கு விடுங்கள். அறைக்குள் ஒளித்து வைத்து ஹீட்டர் போட்டு வயர் கருகுவதை விட, உங்கள் கண்முன்னால் குசினியில் சமைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

சீனியர் பிள்ளைகளுக்கும் ஒன்று. எந்தக் கம்பஸ் என்றில்லை, முதலாம் வருடப் பிள்ளைகள் பலர் கன்ரீனுக்குப் போகாததற்குக் காரணம் காசு அல்ல, அங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் மேல் உள்ள பயம். பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே 20 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். சாப்பிட வருகிற பிள்ளையை நிற்பாட்டிக் கேள்வி கேட்பது எந்த ஊர் வழக்கம்? குப்பி வைக்கிற அதே வாய்தானே உங்களுக்கும் இருக்கிறது.

புதுப் பிள்ளைகளே, பசிக்கிறது என்றால் கேளுங்கள். அதற்கு வேறு காரணம் தேடவேண்டாம். நான் தேடிக்கொண்டிருந்து ஒரு பாடத்தை விட்டேன்.

பூசை முடிந்துவிட்டது, பின்னால் மேசையில் அவலும் கடலையும் நிறைய இருக்கிறது. மழை வலுக்கும் போல இருக்கிறது, நேரத்தோடு கிளம்புங்கள். அசைன்மென்ட் இருக்கிறது என்று வராமல் அறையிலேயே இருந்துவிட்ட பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு சரை கட்டிக்கொண்டு போங்கள்.