"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நான் ஏன் நிறுத்தினேன்

வணக்கம் நண்பர்களே. பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகிறது, வகுப்பறையில் உட்கார்ந்தே பேசுகிறேன். பின்னால் கரும்பலகையில் தெரிகிறதே, அது பத்தாம் வகுப்புக்கு இன்று கொடுத்த கணக்குகள். அதைப் பற்றித்தான் பேச்சு, அதனால் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் அளவியல் பாடத்தை உருளை, அது முடிந்ததும் கூம்பு, அப்புறம் கோளம், கடைசியில் இடைக்கண்டம் (நுனியை வெட்டிய கூம்பு) என்று வரிசையாக நடத்துவேன். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி "புரிஞ்சுதா?" என்றால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் சொல்லும். பொய் சொல்லவில்லை, கூம்பு நடத்தும் வாரத்தில் கூம்புக் கணக்கு எல்லாருக்கும் வரத்தான் செய்யும். ஆனால் மாதத் தேர்வில் நான்கையும் கலந்து கேட்டால் கூம்புக்கு உருளையின் சூத்திரத்தை எழுதியிருப்பார்கள், கூம்பு என்றால் உருளையில் மூன்றில் ஒரு பங்குதானே, அந்த மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். பல வருஷம் பிள்ளைகள் படிக்கவில்லை என்றுதான் திட்டினேன். தப்பு என் பக்கம்.

அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007இல் இதே மாதிரி கன அளவுக் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவுக்கு நான்கு வடிவங்களை ஒவ்வொன்றாகவும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் பயிற்சி. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் வரிசைக் குழு 20, கலந்த குழு 63! நான் பல வருஷமாக அந்த 89ஐப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். கூம்பு வாரத்தில் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம், எண்ணை எடுத்துப் போட்டால் போதும், ஆனால் பொதுத்தேர்வில் முதலில் தேவைப்படுவது அந்தத் தேர்ந்தெடுப்புதான். ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் திடீரென்று ஏழெட்டு எவ்வளவு என்று கேளுங்கள், ஓரேழ் ஏழிலிருந்து ஓடி வரும். எந்த வழியில் பழகியதோ அந்த வழியில்தான் நினைவு திறக்கிறது.

இன்னொன்று, தேர்வுக்கு முந்தின இரவு புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்தது, இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்து 40, 61 என்று தலைகீழாகிவிட்டது.

சரி, நான் என்ன செய்கிறேன்? வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் புத்தகம் மூடியிருக்கும், கையில் வெறும் தாள். நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முந்தின முக்கோணவியலில் ஒன்று. மதிப்பெண் கிடையாது, அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், மதிப்பெண் என்றதும் கண் பக்கத்துத் தாளுக்குப் போய்விடும். எழுதி முடித்த உடனே விடையைப் போட்டு அவர்களே வேறு மையில் திருத்த வேண்டும், திருத்தாமலே விட்டால் தப்பான விடை தலையில் உட்கார்ந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. புதுப் பாடத்தை முதல் நாளே கலக்காதீர்கள். தலை ஒரே நேரத்தில் தாங்குவது சில விஷயங்களைத்தான், அதனால் முதலில் இரண்டு மூன்று கணக்கை நாமே முழுசாகப் போட்டுக் காட்ட வேண்டும், கை பழகிய பிறகுதான் கலவை.

முதல் இரண்டு வாரம் கஷ்டம். "நேத்து தெரிஞ்சுது சார், இன்னைக்கு வரல" என்று பிள்ளைகள் முகம் வாடும். கொஞ்சம் மறந்து, முட்டி மோதி வெளியே எடுப்பதுதான் படிப்பு என்று நான் தினமும் சொல்கிறேன். பாடம் முடியாதே என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு, கடைசியில் திருப்புதலுக்கு எனக்கு முன்பு ஆன நாட்கள் இப்போது ஆவதில்லை.

இன்று பலகையில் மூன்றாவது கணக்கு: ஒரு கூம்பின் ஆரம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ., கன அளவு என்ன. கடைசி பெஞ்சில் ஒரு பையன், சூத்திரம் எழுதும் முன்னால் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தான்: "கூம்பு. கன அளவுதான் கேட்டிருக்கு, சாயுயரம் வேண்டாம்." அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்.