விளக்கும் முன் கேளுங்கள்: கல்லூரி இயற்பியல் ஆசிரியர்களுக்கு

[திரை: கரும்பலகை. மூன்று மின்சுற்றுகள் ஒவ்வொன்றாக வரையப்படுகின்றன.]

வணக்கம். ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. இயற்பியல் வகுப்புக்குப் புதிதாகப் பாடம் நடத்தப் போகிறவர்களுக்காக இந்த வீடியோ. பல ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருப்பவர்களும் பாருங்கள்.

பலகையில் மூன்று சுற்றுகள் இருக்கின்றன. முதல் சுற்றில் ஒரு பேட்டரி, ஒரே ஒரு பல்பு. அதற்கு 'அ' என்று பெயர். இரண்டாவதில் அதே மாதிரி பேட்டரி, தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள், 'ஆ', 'இ'. மூன்றாவதிலும் அதே பேட்டரிதான், ஆனால் இரண்டு பல்புகளும் பக்க இணைப்பில், 'ஈ', 'உ'. ஐந்து பல்புகளும் ஒரே வகை. பேட்டரிக்கு உள்தடை இல்லை என்று கொள்ளுங்கள். எது அதிக வெளிச்சம் தரும், எது குறைவாகத் தரும்? வரிசைப்படுத்தி எழுதுங்கள்.

[திரை: பத்து விநாடி அமைதி. பலகை மட்டும்.]

விடை இது. அ, ஈ, உ மூன்றும் ஒரே அளவு வெளிச்சம். ஆ, இ இரண்டும் தங்களுக்குள் சமம், ஆனால் மங்கல்.

ஓம் விதி தெரிந்தால் போதும், சூத்திரம்கூடத் தேவையில்லை. பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியின் முழு மின்னழுத்தம் கிடைக்கிறது. தொடர் இணைப்பில் அது இரண்டாகப் பிரிகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட், பீட்டர் ஷாஃபர் ஆகிய இருவரும் இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நுண்கணிதத்துடன் இயற்பியல் படிக்கும் மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதே மாணவர்கள், சிக்கலான சுற்றுகளில் மின்னோட்டத்தைக் கணக்கிட உதவும் கிர்ச்சாஃப் விதிகளைப் போட்டு, மூன்று கண்ணிகள் (மூடிய பாதைகள்) கொண்ட சுற்றையும் தீர்த்துவிடக் கூடியவர்கள். கணக்கு வருகிறது, பல்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் இந்த வீடியோவின் விஷயம்.

[திரை: வகுப்பறை. மாணவர்கள் தாளில் எழுதுகிறார்கள்.]

என் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது இரண்டு வகையான பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று: "ஆ-வில் கொஞ்சம் கரண்ட் செலவாகிவிடும், மிச்சம்தான் இ-க்குப் போகும், அதனால் இ மங்கல்." இரண்டு: "பேட்டரி கொடுக்கிற கரண்ட் ஒன்றுதான், பக்க இணைப்பில் அது பாதிப் பாதியாகப் பிரிகிறது, அதனால் ஈ-யும் உ-வும் அ-வை விட மங்கல்."

இந்தப் பதில்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். "கரண்ட் அதிகமாகச் செலவாகிறது, ஃபேனை நிறுத்து" என்று அம்மா சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டுக்கு வருவது கரண்ட் பில். அந்த வாக்கியங்களில் கரண்ட் என்பது தீர்ந்துபோகும் பொருள். இயற்பியலில் மின்னோட்டம் தீர்வதில்லை. ஆற்றல்தான் பல்பில் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது. மாணவர் சொல்வது அர்த்தமில்லாத உளறல் அல்ல. அது ஆற்றலைப் பற்றிய சரியான எண்ணம். பெயர் மட்டும் மின்னோட்டம் என்று மாறிப் போயிருக்கிறது. அது தெரிந்த ஆசிரியருக்குத் திருத்தும் வேலை பாதி முடிந்தது. தெரியாதவர் கிர்ச்சாஃப் விதியை நான்காம் முறை நடத்துவார்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்று இருக்கிறது.

[திரை: ஒரு கை நாணயத்தைச் சுண்டுகிறது. மெதுவான ஓட்டம். நாணயம் மேலே போகும் பாதியில் காட்சி நிற்கிறது.]

நாணயம் கையை விட்டுப் பிரிந்துவிட்டது. மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் எதிர்ப்பை விட்டுவிடுங்கள். இந்தக் கணத்தில் அதன் மீது செயல்படும் விசைகளுக்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பெரும்பாலான தாள்களில் கீழ் நோக்கி ஒரு சிறிய அம்பும், மேல் நோக்கி ஒரு பெரிய அம்பும் இருக்கும். சரியான விடை கீழ் நோக்கிய ஓர் அம்பு, அவ்வளவுதான்.

அந்த மேல் அம்பு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டால் மாணவர் பாடப் புத்தக வரியை ஒப்பிப்பார், அல்லது மௌனமாக இருப்பார். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "கை கொடுத்த சக்தி சார், அது தீர்ந்ததும் கீழே விழும்." இதோ, அவர் மனத்தில் இருப்பது வெளியே வந்துவிட்டது. நம் பள்ளிப் புத்தகங்கள் விசை, ஆற்றல், திறன் என்று மூன்று சொற்களைத் தெளிவாகப் பிரித்துத் தந்திருக்கின்றன. பேச்சுத் தமிழில் மூன்றுக்கும் சேர்த்து 'சக்தி' ஒன்றுதான். தேர்வில் மூன்றையும் பிரித்து எழுதுகிற மாணவர், நாணயத்தைப் பார்த்தவுடன் அந்த ஒற்றைச் சொல்லுக்குத் திரும்பிவிடுகிறார்.

அவரைக் குறைவாக எடைபோட வேண்டாம். எறிந்த கை ஏதோ ஒன்றைப் பொருளுக்குள் வைத்து அனுப்புகிறது என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஃபிலோபோனஸ் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் புரிடான் அதையே ஒரு கொள்கையாக வளர்த்தார். கலிலியோவும் நியூட்டனும் வந்துதான் அது மாறியது. அத்தனை பெரிய மனிதர்கள் நின்ற இடத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த முதலாம் ஆண்டு மாணவி நிற்கிறாள் என்றால், அவள் சிந்தித்திருக்கிறாள் என்று பொருள்.

அப்போது ஒரே ஒரு கேள்வி போதும். "விசை என்றால் அதைக் கொடுக்க ஒரு பொருள் வேண்டும். கை கீழே தங்கிவிட்டது. இப்போது இந்த மேல் விசையைக் கொடுப்பது யார்?" காத்திருங்கள். சிலர் காற்று என்பார்கள். அதைத்தான் விட்டுவிட்டோமே என்று பக்கத்தில் இருப்பவரே சொல்வார். கடைசியில் யாரும் இல்லை என்ற இடத்துக்கு வகுப்பு வந்து சேரும். அந்த நேரத்தில் சொல்லுங்கள்: "நீ சொன்ன சக்தி பொய் இல்லை. நாணயத்திடம் ஒன்று இருக்கிறது. அதற்கு உந்தம் என்று பெயர். அது விசை இல்லை." மாணவரின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரியும். தன் எண்ணத்தைக் குப்பையில் போடாமல், அதற்குச் சரியான இடம் காட்டிவிட்டார்கள் என்ற நிம்மதி. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த தருணம் அது.

[திரை: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு, வரைபடமாக.]

இதை ஒரு முறையாகவே ஆக்கியவர் ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மாசூர். நல்ல விரிவுரையாளர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியிருந்தவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாலூனும் ஹெஸ்டனஸும் விசை, இயக்கம் பற்றி மாணவர்கள் மனத்தில் இருக்கும் அன்றாட எண்ணங்களைச் சோதித்து 1985இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டு, அதே போன்ற எளிய கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தார். தேர்வு நடக்கும்போதே ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் அவரை மாற்றியது. 1991 முதல் அவர் வகுப்பு நடத்தும் விதமே வேறாகிவிட்டது.

செய்முறை எளிது. பத்து நிமிடம் பாடம். பிறகு பலகையில் ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் தனித்தனியே யோசிக்க வேண்டும். விடையைக் காட்ட வேண்டும். பாதிப் பேருக்குச் சரி, பாதிப் பேருக்குத் தவறு என்ற நிலை இருந்தால், பக்கத்தில் இருப்பவருடன் வாதாடச் சொல்ல வேண்டும். மறுபடி விடை. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வாய் திறப்பது. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு என்றால் வாதாட விடுவதில் பயனில்லை. பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். 70 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள்.

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், பக்கத்து ஆளுக்குத் தெரியக் கூடாது. தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் அறுபது பேரும் முதல் வரிசையில் நன்றாகப் படிக்கும் பையனைப் பார்த்துத் தாளைத் திருப்பிவிடுவார்கள்.

[திரை: இரண்டு பட்டைகள். 0.23, 0.48.]

பலன் இருக்கிறதா? அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 பாடவகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைப் பாடம் முடியும்போது பெற்றார்கள் என்பது அளவுகோல். ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் 0.48. இரண்டு மடங்கு.

போர்ஷன் முடியாதே என்பீர்கள். உண்மைதான், நேரம் பிடிக்கும். ஆனால் வகுப்பில் நடத்தி முடித்த போர்ஷனில் நாலில் ஒரு பங்குகூட மாணவரிடம் சேரவில்லை என்று அந்த எண் சொல்லும்போது, முடித்தது எதை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை. 2019இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். திணறித் திணறி யோசிப்பது அவர்களுக்குப் புரியாமை போலத் தோன்றுகிறது. பருவத்தின் முதல் வாரத்திலேயே இதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் துறைத்தலைவரிடம் புகார் போகும்.

[திரை: ஆய்வகம். சுவரில் தொங்கும் முறுக்கு ஊசல். அருகே திருகு அளவி.]

ஆய்வகத்திலும் இதே கதைதான். முறுக்கு ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் தொங்கும் வட்டு முறுக்கி விடப்பட்டு அலைகிறது. அதிலிருந்து கம்பியின் விறைப்புக் குணகம், அதாவது முறுக்கலை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு, காண வேண்டும். மாணவர்கள் அலைவுநேரத்தை மூன்று முறை, மிகுந்த கவனத்தோடு எடுப்பார்கள். கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியில் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு ஓடிவிடுவார்கள். சூத்திரத்தில் ஆரம் நான்காம் படியில் இருக்கிறது, அலைவுநேரம் இரண்டாம் படியில்தான். விட்டம் 0.50 மில்லிமீட்டர் என்றால், மீச்சிற்றளவான (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவான) 0.01 மில்லிமீட்டர் பிசகு 2 சதவீதம். விடையில் அது 8 சதவீதமாகிவிடும். இருபது அலைவுக்கு 200 விநாடி என்றால், நிறுத்துக்கடிகாரத்தில் 0.2 விநாடி தவறினாலும் விடையில் 0.2 சதவீதம்தான் மாறும்.

விடை புத்தக மதிப்புக்கு வரவில்லை என்றால் மாணவர் என்ன செய்வார்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீட்டைத் திருத்தி எழுதுவார். நாம்தான் அவரை அதற்குப் பழக்கியிருக்கிறோம். ரெக்கார்டில் சரியான மதிப்பு இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுகிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். நான் இப்போது அப்சர்வேஷன் நோட்டைப் பார்க்கும்போது மதிப்பு சரியா என்று கேட்பதில்லை. "எந்த அளவீட்டின் மீது உனக்கு நம்பிக்கை குறைவு?" என்று கேட்கிறேன். கம்பி என்று சொன்னால், போய்ப் பத்து இடங்களில் அளந்து வா, சுழிப்பிழையையும் (எதுவும் வைக்காதபோதே கருவி காட்டும் தவறையும்) பார் என்று அனுப்புகிறேன்.

[திரை: ஆசிரியர் அறை. மேசைக்கு இருபுறமும் நாற்காலிகள்.]

வகுப்புக்கு வெளியே, ஆலோசனை சொல்லும்போது நாம் கேட்பது இன்னும் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். "எம்.எஸ்சி. போகட்டுமா சார், பி.எட். போகட்டுமா?" எனக்கு உற்சாகம். எம்.எஸ்சி.யின் பெருமையை அரை மணி நேரம் பேசினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வெளியூர் போனால் விடுதிக் கட்டணத்துக்கு ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா என்பதுதான் அவள் கேட்க வந்தது. அதை அவளுடைய தோழி சொல்லி நான் அறிந்தபோது விண்ணப்பத் தேதிகள் முடிந்திருந்தன. அந்த ஆண்டு அவள் எங்கும் சேரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இப்போது முதலில் கேட்பது: வீட்டில் என்ன சொல்கிறார்கள்? வெளியூர் அனுப்புவார்களா? எந்தப் பாடத்தில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாய்? அதற்குப் பிறகுதான் தகவல். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. ஆறாம் பருவத்தில் வந்து கேட்கிற மாணவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். ஆகவே இதை நான்காம் பருவத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இளநிலை மாணவர் திட்டம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். அதைத் தேடித் துறைப் பலகையில் ஒட்டுவது நம் வேலை. வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு இதைச் சொல்ல நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

[திரை: அறைக் கதவில் ஒட்டிய சிறு தாள்.]

கடைசியாக ஒன்று. அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: "புதன்கிழமை 3 முதல் 4 மணி வரை. எந்தக் கேள்வியும் கேட்கலாம்." முதல் மூன்று வாரங்கள் யாரும் வர மாட்டார்கள். அறையிலேயே இருங்கள். நான்காம் வாரம் இருவர் சேர்ந்து வருவார்கள். ஒருத்தி நோட்டை விரித்துக் கணக்கு கேட்பாள். மற்றவள் துணைக்கு வந்தவள் போலக் கதவோரம் நிற்பாள். அவளுக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்கள்.