ரியூப்புக்குள் விழும் அடி

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடமே கேட்கிறேன். வெளியே நிற்கிற உங்கள் சைக்கிளின் ரயரை விரலால் ஏன் அமத்த முடியவில்லை? சாக்குக்குள் நெல்லை அடைத்த மாதிரி, உள்ளே மூலக்கூறுகள் நெருக்கிக்கொண்டு நிற்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ரியூப்புக்குள் பெரும்பகுதி வெற்றிடம்.

மூலக்கூறு ஒன்று ஓடிவந்து சுவரில் நேராக மோதி, அதே கதியில் திரும்புகிறது. வந்த உந்தம், அதாவது திணிவை வேகத்தால் பெருக்கினால் வருவது, இல்லாமற்போனது. எதிர்த்திசையில் அதே அளவு உந்தம் புதிதாக வந்தது. ஆக, சுவருக்குக் கிடைப்பது இரண்டு பங்கு. ஒரு செக்கனில் இப்படிக் கைமாறும் மொத்த உந்தம்தான் விசை என்பது நியூற்றனின் இரண்டாம் விதி. பரப்பளவால் வகுத்தால் அமுக்கம். அவ்வளவுதான்.

இந்த மண்டபத்துச் சூட்டில் நைதரசன் மூலக்கூறு செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் கதியில் ஓடுகிறது. உங்கள் உள்ளங்கையில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஒவ்வொரு செக்கனும் விழும் அடிகளை எழுத, 3 போட்டு 23 பூச்சியம் போடவேண்டும். அதனால்தான் அது அடியாகத் தெரிவதில்லை. எல்லாம் சேர்ந்தால், அந்தச் சின்ன இடத்தில் ஒரு கிலோ நிறையை வைத்த மாதிரி. கை ஏன் கீழே போகவில்லை? புறங்கையிலும் அதே அளவு விழுகிறது.

வாயுவின் அமுக்கத்துக்கான சமன்பாட்டில் கதி ஏன் வர்க்கமாக வருகிறது? இதைப் பாடமாக்குகிறார்கள், கேட்பதில்லை. கதி கூடினால் ஒவ்வொரு அடியும் பலமாகிறது. அதோடு மூலக்கூறு அடுத்த முறை சீக்கிரம் வந்தும் சேர்கிறது. கூடுதல் இரண்டு பக்கத்தாலும் வருகிறது. டானியல் பேர்னூலி 1738இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். அணு உண்டா இல்லையா என்றே முடிவாகாத காலம். நூறு வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

நம் வெயிலுக்கு வருவோம். ரியூப்புக்குள் 30 பாகை 60 பாகையானால் கதி கூடுவது ஏறத்தாழ 5 சதவீதம்தான். அடியின் பலம் 5, அடிகளின் எண்ணிக்கை 5. அமுக்கம் 10 சதவீதம் ஏறிவிடும்.

அப்புறம், காற்றடிக்கும்போது பம்மின் அடிப்பக்கம் சுடுமே, அதற்கு உராய்வு மட்டும் காரணமில்லை. நீங்கள் உள்ளே தள்ளுகிற தண்டின் முனையில் மோதும் மூலக்கூறு, வந்த கதியைவிடக் கூடிய கதியோடு திரும்புகிறது.

சரி, கேள்விகளைக் கேளுங்கள்.