பார்சல் பில்லில் ஒரு அடிக்கு எத்தனை சென்டிமீட்டர்?

[திரையில்: இஞ்ச் டேப், அட்டைப்பெட்டி, ஒரு பார்சல் பில்]

ஒரு அடின்னா 30.48 சென்டிமீட்டர். ஆனா பல பார்சல் பில்லுல ஒரு அடி வெறும் 30 தான். நீளம், அகலம், உயரம் மூணுலயும் அந்த அரை சென்டிமீட்டர் சேர்ந்து, நீங்க கிட்டத்தட்ட 5% கூடுதலா கட்டுறீங்க. அதுவும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு!

இந்த மாதிரி ஓட்டையைப் பிடிக்கிறதுக்குத்தான் பில் தணிக்கை, அதாவது பார்சல் பில்லைச் சரிபார்க்கிற வேலை. அதை வெளியாள்கிட்ட விடுறது புதுசு இல்ல. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்து காஸ் நிறுவனம் 1956லயே சரக்குக் கட்டணப் பில்களைக் கையாள ஆரம்பிச்சது. வரலாறு அவ்வளவுதான், கணக்குக்கு வருவோம்.

கரூர்ல இருந்து குஷன் அனுப்புற ஒரு யூனிட்டை எடுத்துக்கலாம். பெட்டி 60 × 45 × 40 செ.மீ. தராசுல 11 கிலோ. லாரிக்காரர் 11 கிலோவுக்கு பில் போட மாட்டார், பெட்டி அடைக்கிற இடத்துக்குப் போடுவார். அது நியாயம்தான்.

[திரையில்: 60 × 45 × 40 = 1,08,000]

இதை 27,000ஆல வகுத்தா 4 கன அடி. லாரிக்காரரோட கட்டணப் பட்டியலான ரேட் கார்டுல ஒரு கன அடிக்கு 7 கிலோன்னு இருந்தா, பில் எடை 28 கிலோ. இந்த 27,000 எங்கிருந்து வந்தது? 30 × 30 × 30! உண்மையான கன அடி 28,317. அதால வகுத்தா 26.7 கிலோதான். பெட்டிக்கு 1.3 கிலோ சும்மா ஏறுது. இது மோசடி இல்லீங்க, ரேட் கார்டுலயே சின்ன எழுத்துல இருக்கும். புது ஒப்பந்தம் பேசுறப்ப எல்லாரும் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்கத்தான் மல்லுக்கட்டுறாங்க. இந்த வகுக்கிற எண்ணை யாரும் தொடுறதே இல்ல. உங்க ரேட் கார்டுல என்ன எண் இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, தொப்பை. பெட்டியோட தொப்பையைச் சொல்றேன்! குஷனை அமுக்கி டேப் ஒட்டினா பக்கமெல்லாம் உப்பும். பார்சலையெல்லாம் ஊர் வாரியா பிரிக்கிற ஹப்ல இருக்கிற அளவு மெஷின் உப்பின இடத்தைத்தான் எடுக்கும். மூணு பக்கமும் 3 செ.மீ. உப்பினா 63 × 48 × 43. பில் எடை 28ல இருந்து 33.7 கிலோ ஆயிடும். கிலோ 9 ரூபாய்னு வச்சா பெட்டிக்கு 51 ரூபாய். மாசம் 200 பெட்டின்னா பத்தாயிரத்துக்கு மேல.

அதனால ஓரத்தை அளக்காதீங்க. ரெண்டு பலகையை எதிரெதிர் பக்கத்துல நிமிர்த்தி ஒட்ட வச்சு, நடுவுல இருக்கிற தூரத்தை அளங்க. டாக்கெட், அதாவது பார்சல் புக் பண்ண ரசீது, அதோட நம்பரும் இஞ்ச் டேப்பும் ஒண்ணாத் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க. இந்த போட்டோ இல்லாம எவ்வளவு பெரிய ஆடிட் கம்பெனியை வச்சாலும் எடைத் தகராறுல ஜெயிக்க முடியாது. அவங்க உங்க குடோனைப் பார்க்கிறதில்ல, பேப்பரைத்தான் பார்க்கிறாங்க.

சரி, வெளியாள்கிட்ட எதைக் குடுக்கலாம்? டாக்கெட் வாரியா ஒத்துப் பார்க்கிற வேலையை. அடிக்கடி மாட்டுறது இதெல்லாம்: ஒரே டாக்கெட் ரெண்டு பில்லுல வரும், ரெண்டாவதுல பில் நம்பருக்குப் பின்னாடி ஒரு 'ஏ' ஒட்டியிருக்கும். டீசல் விலைக்காகப் போடுற கூடுதல் கட்டணமான டீசல் சர்சார்ஜை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும் போடணும்னு ஒப்பந்தம் இருக்கும், டாக்கெட் சார்ஜையும் சேர்த்துப் போட்டிருப்பாங்க. ஊருக்குள்ள இருக்கிற பின்கோடுக்குத் தொலைதூர டெலிவரி கட்டணம் விழுந்திருக்கும். இதைப் பிடிக்க, கையெழுத்தான ரேட் கார்டு, சர்சார்ஜ் அட்டவணை, தேதி போட்ட பின்கோடு பட்டியல் மூணையும் அவங்ககிட்ட குடுத்திருக்கணும்.

ஜிஎஸ்டி ஒரு வரியில: டிரான்ஸ்போர்ட்காரரே பில்லுல வரி போட்டு வாங்கிட்டார்னா, உங்க அக்கவுண்டன்ட் பழக்க தோஷத்துல ரிவர்ஸ் சார்ஜ்லயும், அதாவது அனுப்புறவங்களே நேரா அரசுக்கு வரி கட்டுற முறையிலயும், கட்டுறாரான்னு பாருங்க.

இப்ப ஃபீஸ். மீட்டுத் தர்ற பணத்துல பங்கு வாங்குறவங்க ஒரு வகை. கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா தப்பு நின்னுபோனா அவங்க வருமானமும் நின்னுபோகும். என் ஓட்டு டாக்கெட்டுக்கு இவ்வளவுன்னு நிலையான கட்டணத்துக்கு. தணிக்கையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே நடக்கணும். கட்டின பிறகு, கூடுதலா வாங்கினதைக் கழிச்சுத் தர்ற கிரெடிட் நோட்டுக்கு அலையுறது தனி வேலைங்க! அப்புறம், உங்க லாரியை புக் பண்றவரும் பில்லைத் தணிக்கை பண்றவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. தன் பில்லுல தானே தப்பு கண்டுபிடிக்கிற புண்ணியவான் கிடைச்சா சொல்லுங்க, சேனலுக்குக் கூப்பிட்டுப் பேசுவோம்.

நாள் கணக்கு ரெண்டு இருக்கு. பில் தகராறுக்கு ஒப்பந்தத்துல எழுதின கெடுதான். சரக்கு தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ, 2007ஆம் வருஷ சாலைவழிச் சரக்குச் சட்டத்தோட 16ஆம் பிரிவுப்படி, புக் பண்ண நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் போகணும். இல்லன்னா கேஸ் போட முடியாது. ஆடிட்டர் ஒப்பந்தத்துலயே இந்த நோட்டீஸை யார் அனுப்புறதுன்னு பேர் போட்டு எழுதிடுங்க.